இழைப்புக்கு அரை விரல்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

சுண்டு எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன். விடுதியில் இருப்பது ஒரே தொலைபேசி. அதைக் கையில் எடுத்தாலே பின்னால் நாலு பேர் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இனி நமக்குக் கடிதம்தான்.

வேலை பிடித்திருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறை. சட்டத்துக்குள் வில்லை சரியாக உட்காரும்படி அதன் ஓரத்தைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் விரல் நுனியெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது.

அறையில் என்னோடு ஒரு நர்ஸ் இருக்கிறாள். வாய் ஓயாது, மனசு தங்கம். ஒற்றை அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு வாணலி, இதுதான் எங்கள் சமையலறை. நேற்று சோறு வைத்தேன். அடியில் கரி, நடுவில் களி, மேலே அரிசி. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே பாத்திரத்துல மூணு ஐட்டம் பண்ணியிருக்கியே, பரவாயில்லயே" என்றாள். தப்பு உங்கள் மேல்தான் அண்ணி. நீங்கள் என்னை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. நானும் அண்ணன் பின்னாலேயே தச்சுப்பட்டறையில் மரத்தூளோடு கிடந்தேன். உளி பிடிக்கத் தெரிகிறது, கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. ஒரு ஆளுக்குச் சோறு எப்படி வைப்பது என்று எழுதுங்கள்.

அண்ணன் இன்னும் அப்படியேதான் இருக்கிறாரா? கிளம்பிய அன்று அவர் சொன்னது காதிலேயே நிற்கிறது. "உனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தது இன்னொருத்தன் பட்டறைக்குப் போறதுக்கா? போ. இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஒரு வரி எழுத மாட்டேன்." அவர் சொன்னால் செய்கிறவர். எனக்குப் பயமே அதுதான்.

நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். காதில் விழாத மாதிரி இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் சுண்டு


ஜனவரி 25

என் செல்லச் சுண்டுவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நலம். நீ தண்ணீரிலேயே கை வைத்திருக்கிறாய், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

சோற்றுக்கு வருவோம். அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவு. உன் பொறுமை தீர்கிற வரைக்கும் இல்லை. அரிசிக்கு மேல் ஒரு விரல் ரேகை அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடு. அப்புறம் மூக்கை மட்டும் அங்கே வை. பச்சை வாசம் போய்ச் சோற்று வாசம் வரும். வந்ததும் அணைத்துவிடு. அளவெல்லாம் கைக்கும் மூக்குக்கும் தெரியும், நீ அவற்றின் பேச்சைக் கேட்டால் போதும்.

இன்னொன்று. ஒரு ஆளுக்குத்தானே என்று பாத்திரத்திலேயே கையை விட்டு நின்றபடி சாப்பிடாதே. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடு. தனியாக இருக்கிறவள் தன்னையே கொஞ்சம் விருந்தாளி மாதிரி கவனித்துக்கொள்ள வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உங்கள் இருவரையும் பட்டறைக்கு அனுப்பிவிட்டு நின்றுகொண்டே விழுங்கினவள். சோறு இறங்கும், சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

உன் கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னேன். உன் அண்ணன் எழுந்து போய் மரம் இழைக்கிற இழைப்புளியைத் தேட ஆரம்பித்தார். கையிலேயே வைத்துக்கொண்டு தேடினார். தேடட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். பிறகு கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தபோது அது நான் மடித்த மாதிரி இல்லை.

பொறுத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். சோறும் சுகம்! நேற்று நர்ஸ் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டில் போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேலையில் சுமாரான வாரம். இரண்டு வில்லைகளை உடைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் கத்தவில்லை. உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவசரம்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

வெறும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே அண்ணி. நீங்கள் செய்வீர்களே, வெங்காயத்தோடு உருளைக்கிழங்கு, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் மாதிரி. பட்டறையிலிருந்து வரும்போதே வாசல்வரைக்கும் மணக்கும். அது எனக்கு வருமா?

அண்ணனுக்கு ஒரு வரி தனியாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "அன்புள்ள அண்ணனுக்கு" என்பதற்கு மேல் ஓடவில்லை, கிழித்துவிட்டேன். அவர் என் மேல் கோபமாக இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் வேறு யாரோ என்கிற மாதிரி இருந்துவிடுவாரோ என்றுதான் அழுகை வருகிறது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

சுண்டு


மார்ச் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. எல்லோரும் நலம். கையெழுத்து கோணலாக இருந்தால் மேஜைக்குக் கால் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவிவிட்டு முதலில் ஒரு பக்கத்தைத் தட்டையாக வெட்டு. அந்தப் பக்கத்தைக் கீழே வைத்தால் ஆடாது, விரலுக்குச் சேதம் இல்லை. பிறகு எல்லாத் துண்டும் பென்சில் கனம். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருந்தால், ஒன்று வேகிற நேரத்தில் மற்றது கருகும். வெங்காயத்தை வேண்டிய அளவைவிட அரை விரல் கூடுதலாக வெட்டு, இழைப்பில் போய்விடும். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகு கிழங்கு. துண்டுகளுக்கு நடுவே இடம் விடு. நெருக்கினால் வியர்க்கும், மொறுமொறுப்பு வராது.

முக்கியமான விஷயம்: போட்டதும் கிளறாதே. பிடிக்கிற நேரத்தில் ஆட்டினால் எதுவும் பிடிக்காது. அடிப்பக்கம் தானாக விடுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில். நிமிஷத்துக்கு ஒரு முறை தூக்கிப் பார்க்கிறவன் நம்பிக்கை இல்லாதவன். வில்லைக்கும் அதுதான். உடைந்தது கண்ணாடியின் குற்றம் இல்லை, அழுத்தின கையின் குற்றம். சக்கரம் வெட்டட்டும், நீ பிடித்துக்கொண்டால் மட்டும் போதும்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவள் இல்லை நான் இன்றைக்கு. உண்மையாகவே நலமறிய வேண்டும்.

முதலில் கிழங்கு. அற்புதம்! ஒரு துண்டுகூடக் கருகவில்லை. அடுத்து, எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று. மரத்தை வெட்டும்போது அரை விரல் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும், இழைக்கும்போது அது சீவலாகப் போய்விடும் என்பது எனக்குப் பட்டறையில் கிடைத்த முதல் பாடம். வெங்காயத்தை யார் அண்ணி இழைக்கிறார்கள்? ஒரு பக்கத்தைத் தட்டையாக்கிக் கீழே வைப்பது, பென்சில் கனம், பிடிக்கிற நேரத்தில் ஆட்டாதே... பசை தடவிய பலகையைப் பற்றி அப்படியே இதே வார்த்தையில் திட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் வாசம் என்ற சொல்லே இல்லை. யாராவது பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்களா? படித்துவிட்டு நர்ஸ் பார்க்காமல் இருக்க முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள்.

இரண்டு. மேஜைக்குக் கால் உடைந்துவிட்டதாம். அது தச்சர் வீடு அண்ணி! காலையில் உடைந்தால் மத்தியானம் புதுக்கால் முளைத்துவிடும். கடிதத்தை நர்ஸிடம் காட்டினேன். "இது உக்காந்து எழுதுனது இல்ல. படுத்துக்கிட்டு எழுதுனா வரி இப்படித்தான் சரியும். வார்டுல தெனமும் பாக்குறேனே" என்றாள். அண்ணன் ஏன் சமைக்கிறார்? உங்களுக்கு என்ன?

உடனே எழுதுங்கள்.

சுண்டு


மார்ச் 24

என் கண்ணே சுண்டு,

உன் அண்ணன் கடைக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம். கட்டில் ஓரத்தில் நின்று அவர்தான் சொன்னார். "எழுத மாட்டேன்னு சொன்னீங்களே" என்றேன். "நான் எழுதலையே, நீதான எழுதுற?" என்றார். "பேச மாட்டேன்னீங்களே?" "உன்கிட்டதான பேசுறேன்." எந்தக் கோர்ட்டிலும் நிற்கும், போ. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டாம். கூச்சப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடுவார்.

அவர் சமைக்கிற அழகை நீ பார்க்க வேண்டுமே. முதல் நாள் முட்டை ஊற்றினார், எல்லாம் ஒரு பக்கமாகவே ஓடியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் ஓடும், நான் வாணலியைச் சாய்த்துப் பிடித்துப் பழகிவிட்டேன். அவர் பட்டறைக்குப் போய் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்து அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தார். "அடுப்பே கோணல்டி! இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்று எனக்குத் திட்டு. கீழே ஒரு சின்ன மரத்துண்டைச் செருகினார். இப்போது முட்டை வட்டமாக வருகிறது. பழகிப்போனதையெல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறோம், பார்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் கொஞ்ச நாள் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். தாளிக்கிற வாசம் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அடுப்படி அவர் கையில். நீ கவலைப்படாதே. உன் ஊரில் வெயில் எப்படி இருக்கிறது?

அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கும், கட்டில் ஓரத்தில் யாராவது நின்றால் அவருக்கும்,

நான் சௌக்கியம். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றீர்கள், என்னால் முடியவில்லை.

உங்கள் உடம்பைப் பற்றி இந்த முறை கேட்கப்போவதில்லை. நர்ஸிடம் சொன்னபோது அவள் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு, "சில விஷயத்த அவங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். அதனால் கேட்கவில்லை. நன்றாகப் படுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குக்கூட எழுந்து நிற்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. சக்கரம் வெட்டட்டும், நீ பிடித்துக்கொண்டால் மட்டும் போதும் என்று நீங்கள்(!) எழுதினீர்களே, அப்படியே செய்தேன். வில்லை சட்டத்துக்குள் சின்னதாக ஒரு சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. எங்கே சட்டம் முடிகிறது, எங்கே வில்லை தொடங்குகிறது என்று விரலுக்கே தெரியவில்லை. அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை அண்ணி. மேற்பார்வையாளர் வாங்கிப் பார்த்தார். "கண்ண நம்பாம விரல நம்புறியே, யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "எங்க அண்ணன். தச்சர். அவர விட நல்ல வேலக்காரர நான் பாத்ததில்ல" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

நான் பட்டறையை விட்டு வந்ததற்கு மரம் பிடிக்காமல் போனது காரணம் இல்லை. அவர் பக்கத்தில் இருக்கும்வரை நான் சறுக்குவதற்கு முன்னாலேயே அவர் கை வந்து பிடித்துவிடும். ஒரு தடவையாவது நானே சறுக்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இதை வாயால் சொல்லத் தெரியாமல்தான் அன்றைக்குச் சண்டை போட்டேன்.

கஞ்சி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பதில் போடுங்கள்.

சுண்டு


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பதில் இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி போட்டால் யாரும் எடுப்பதில்லை. பின்னால் நின்றவர்கள்கூட இன்றைக்குப் பெருமூச்சு விடவில்லை, "இன்னொரு தடவ போட்டுப் பாரு" என்றார்கள்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை. ஒரே ஒரு வரி போடுங்கள். யார் எழுதினாலும் சரி.

சுண்டு


மே 18

சுண்டு,

அண்ணன். எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன். அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்காதே.

அண்ணி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படாதே, முழுதும் படி. அவள் உண்டாகியிருக்கிறாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது. முன்பு இரண்டு தடவை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பிறகு எல்லோருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்ததே, அதனால் இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் மறைத்ததுதான் அவளுக்கு உறுத்தல். ஏப்ரலில் திடீரென்று முடியாமல் போய்ச் சேர்த்தேன். இப்போது பரவாயில்லை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் எதுவும் சாப்பிடமாட்டேன் என்கிறாள். தட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் ரொட்டி, சூப், முட்டை எல்லாம் செய்துகொண்டு போய்விட்டேன். அளவு எதிலும் பிசகவில்லை. என்ன தப்பு என்று தெரியவில்லை. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, சுண்டு.

நீ கஞ்சி வைக்கப் பழகுவதாக எழுதியிருந்தாய். எப்படி வைக்க வேண்டும் என்று சொல்.

உன் ஏப்ரல் கடிதத்தை வார்டில் அவள்தான் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டேன்.

அண்ணன்


மே 22

அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்கு மேல் இப்போது எழுத வருகிறது.

நீங்கள் சாப்பிட்டீர்களா? அண்ணி கேட்கிற முதல் கேள்வி அதுதான், அதனால் நான் கேட்கிறேன்.

ஒரு கைப்பிடி அரிசியை வெறும் வாணலியில் லேசாக வறுத்து நொறுக்கிக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீரில் குழைய விடுங்கள். வெங்காயம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், உப்பு கடைசியில் ஒரு சிட்டிகை. வடிகட்டி, நன்றாக ஆறவிட்டுக் கொண்டுபோங்கள். உங்கள் அளவில் தப்பில்லை. சூட்டில்தான் தப்பு. வயிற்றைப் புரட்டுகிற வாசமெல்லாம் ஆவியோடு வருகிறது என்று நர்ஸ் சொன்னாள். நீங்கள் ஆறிவிடக் கூடாதே என்று துண்டு சுற்றி ஓட்டமாகக் கொண்டுபோயிருப்பீர்கள்.

கிண்ணம் சின்னதாக இருக்கட்டும், அதிலும் பாதி. நிறைய வைத்தால் மீதி வைத்துவிட்டோமே என்று குற்ற உணர்ச்சி வரும். கொஞ்சமாக வைத்தால் இன்னும் கேட்கத் தோன்றும். அப்புறம், அண்ணி சாப்பிடும்போது வாயையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஜன்னல் கதவு சரியாக மூடுகிறதா என்று பாருங்கள், கட்டில் கால் ஆடுகிறதா என்று பாருங்கள். தூக்கித் தூக்கிப் பார்க்கிறவன் நம்பிக்கை இல்லாதவன் என்று எனக்கு எழுதினவர் நீங்கள்.

நான் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியோடு வேலையை விடுகிறேன். மொத்தமாக வந்துவிடுகிறேன் அண்ணா. அடுப்படியையும் பார்த்துக்கொள்கிறேன், பட்டறையிலும் நிற்கிறேன். இனி நமக்குள் சண்டை இல்லை.

சுண்டு


மே 27

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே நலம். இந்தத் தடவை அது நிஜம். முதல் நாள் பாதிக் கிண்ணம் குடித்தாள். நான் ஜன்னல் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று சத்தம் வந்தது. திரும்பவில்லை. திரும்பினால் அழுதிருப்பேன். அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்கிறார்கள். கடைசி வரைக்கும் படுக்கைதான், ஆனால் வீட்டுப் படுக்கை.

வேலையை விட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்? ஜனவரியிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிக்குத்தான். உன் அண்ணியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவே இல்லை. "ஒரு வில்லை சட்டத்துல போய் உக்காந்ததுக்கு அந்தப் பொண்ணு அத்தன வரி எழுதினாளே, மறந்துட்டீங்களா? அவ இங்க வந்து கஞ்சி வடிச்சுக்கிட்டு இருந்தா உங்களுக்குத் திருப்தியா?" என்றாள்.

வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். உனக்கு உளியைக் கையில் கொடுத்தது என் பட்டறைக்கு ஆள் வேண்டும் என்றா? இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, உன் கையில் உனக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும், யாரையும் நம்பி நிற்கக் கூடாது என்றுதான் கொடுத்தேன். அது நடந்திருக்கிறது. நடந்ததற்குத்தான் நான் இத்தனை மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன். என்னை மாதிரி முட்டாள் உண்டா?

கேட்டுக்கொள். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக மேற்பார்வையாளரிடம் போய், விடவில்லை என்று சொல். ஒரு வாரம் லீவு மட்டும் கேள். வா. அண்ணியோடு இரு. என் சமையலைச் சாப்பிட்டுக் குறை சொல். லீவு முடிந்ததும் நானே உன்னோடு வந்து உன் பட்டறை வாசல்வரைக்கும் கொண்டுவிடுகிறேன்.

அதை விட்டுவிட்டு, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாயோ, அப்புறம் நிஜமாகவே உன்னோடு பேச மாட்டேன்.

உன் அண்ணன்